மூர்த்தினா வீட்டுப் பலாக்கொட்டை

பொனிமினுக்கு விருந்துச் சாப்பாடு அவ்வளவாகப் பிடிக்காது. விருந்து முடிந்து இரண்டு நாள் கழித்து அது லாஸ்மியின் சட்டியில் என்னவாக ஆகிறதோ, அதுதான் பிடிக்கும். இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. கந்தூரிக்குக் கூப்பிட்டவர் வீட்டுக் கோழிக்கறியைவிட, அதில் மிஞ்சியதை மறுபடி காய்ச்சிய தன் பெண்டாட்டி கை உசத்தி என்று ஒருவன் நினைத்தால், காராங்வாரு போன்ற ஊரில் அதை நினைப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஹஜ் மாதம் வெயில்காலத்தில் பிறந்துவிட்டால் வோனோசாரிக்குத் தெற்கே அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளில் மழை இருக்காது, தண்ணீர் இருக்காது, கல்யாணம் மட்டும் இருக்கும். கல்யாணம் இல்லாத அன்றைக்கு யாருக்காவது சுன்னத்து இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் செத்துப்போனவர் யாராவது ஒருவர் நாற்பதாம் நாளோ நூறாம் நாளோ எட்டியிருப்பார். ஆண்கள் தொப்பி போட்டுக்கொண்டு போய்ப் பாயில் வட்டமாக உட்காருவார்கள். ஊருக்கு ஓதிக் கொடுப்பவரான கயும் துஆ ஓதுவார். எல்லாரும் ஆமீன் சொல்லி, இனிப்பு டீயைக் குடித்துவிட்டு, ஆளுக்கொரு மூங்கில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். உட்கார்ந்த இடத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. துஆ ஏறிய சோறு வீட்டுக்குப் போய் வீட்டிலுள்ள அத்தனை வாய்க்கும் சேர வேண்டும் என்பது கணக்கு.

பெட்டி வந்ததும் லாஸ்மி அதைப் பிரேதப் பரிசோதனை மாதிரி பிரிப்பாள். கோழித்துண்டும் பாதி முட்டையும் அன்றைக்கே போய்விடும். மிஞ்சிய சோறு மறுநாள் காலையில் சுளகில் பரவி, வாசலில் காயும் மரவள்ளிச் சீவலுக்குப் பக்கத்தில் வெயிலுக்குப் போகும். காய்ந்து கல்லானதும் பொரித்து, பனைவெல்லப் பாகில் புரட்டி டீக்குத் தொட்டுக்கொள்ள வைப்பாள். அரிசிச் சேமியா, பீன்ஸ், மிளகாயில் வதக்கிய உருளையும் ஈரலும், எண்ணெய் வற்றிய டெம்பே என்கிற புளித்த சோயாக் கட்டி எல்லாம் ஒரே மண்சட்டிக்குப் போகும். காலையில் ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி. மூன்றாம் நாள் காலையில்தான் அவள் அதில் உண்மையாகக் கை வைப்பாள். தேங்காய்ப் பால், சுட்ட மிளகாய், தட்டிய சித்தரத்தை, சோயா டெம்பேயில் புளித்து நாறத் தொடங்கிய ஒரு துண்டு. நாலு வீட்டுக் கறி ஒரு சட்டிக்குள் சண்டை போட்டு, ஓய்ந்து, சமாதானமாகி ஒரு குழம்பாகிவிடும். அதற்கு லாஸ்மி பெயர் வைக்கவில்லை. "நேத்தையது இருக்கு" என்பாள். பொனிமின் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிடுவான்.

இந்தக் கைக்கு ஊரில் மரியாதை இல்லை என்பது அவனுக்கு நெடுநாள் குறை. விசேஷ வீடு என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் போய்ச் சமைத்துக் கொடுக்க வேண்டும். யார் அடுப்பில் நிற்பது, யார் தேங்காய் துருவுவது, யார் பாத்திரம் கழுவுவது என்பதெல்லாம் ஒருமுறை முடிவானால் ஆயுசுக்கும் மாறாது. சோறு அவிப்பவள்தான் தலைவி. அவள் வந்து அடுப்பு மூட்டாமல் மற்றவர்கள் கத்தியைக் கையில் எடுக்க மாட்டார்கள். காராங்வாருவில் சோறு அவிப்பவள் மூர்த்தினா. லாஸ்மி வெங்காயம் உரிப்பவள். கல்யாணமாகி வந்த வருஷம் உரிக்க உட்கார்ந்தாள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"லாஸ்மி கை உரிக்கிற கைதான்" என்று மூர்த்தினா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், லாஸ்மியும் சிரித்தாள். பாத்திரம் தூக்கிக்கொண்டு போன பொனிமின் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வருஷ ஹஜ் மாதத்தில்தான் மூர்த்தினாவின் புருஷன் சக்கீர்மனுக்கு ஆயிரமாம் நாள் வந்தது. செத்தவருக்குச் செய்யும் கடைசிக் கந்தூரி அது. ஆடு அறுத்தார்கள். செமாராங்கிலிருந்து மூத்த மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். லாஸ்மி வழக்கம்போல் போய், கண் சிவக்க உரித்துவிட்டு வந்தாள். அதற்கு நன்றியாக, பொனிமின் தூக்கிவந்த பெட்டி போதாதென்று, மூர்த்தினா நாலடுக்குக் கேரியர் ஒன்றும் நிறைத்து அனுப்பினாள்.

கேரியர் வந்தால் திரும்பப் போக வேண்டும். வெறுமனே போகக் கூடாது. நாலு பழமோ ஒரு பிடி அவலோ, ஏதாவது ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும்.

கழுவி மினுங்கிய கேரியரை முன்னால் வைத்துக்கொண்டு லாஸ்மி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பொனிமின் பின்வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தான். கையெல்லாம் வெள்ளைப் பால் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது.

"இன்னும் கொண்டுபோய்க் குடுக்கலையா?"

"என்னத்தப் போட்டுக் குடுக்க? வாழைத்தார் இன்னும் முத்தல. சந்தை நாளைக்கு மறுநாள்தான். இருக்கிற மரவள்ளியெல்லாம் நீங்க சீவிப்புட்டீங்க."

"சீவலக் குடு."

"சீவலா? அவங்க வீட்டுக் கூரை மேலயும் அதுதான் காயுது."

பொனிமின் கத்தியை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மண்சட்டியின் ஓரத்தில் குழம்பு மெல்லக் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. அன்று மூன்றாம் நாள்.

"இத ஊத்திக் குடு."

லாஸ்மி அவனைப் பார்த்தாள். "மிச்சத்தையா?"

"மிச்சம்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

"இதுல அவங்க வீட்டுதும் கெடக்கு, வினார்த்தி அப்பா."

"ஊர்த்தலைவர் தூகூ வீட்டுது கெடக்கு, கயும் வீட்டுது கெடக்கு. மூணு நாளா உன் அடுப்புல வெந்திருக்கு. இனி இது யார் வீட்டுதும் இல்ல, உன் சமையல். ஒரு வாய் வச்சுப் பாக்கட்டும் அந்தம்மா. உரிக்கிற கையாம்."

"அத இன்னும் மறக்கலையா நீங்க?"

"நான் என்ன வெங்காயமா உரிச்சேன், கண்ணீரோட போக?"

லாஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டதால் பாதி சம்மதித்துவிட்டாள். அடுத்த வாரம் வினார்த்திக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்திலாவது அம்மாவைத் தேங்காய்ப் பால் அடுப்பில் நிற்க வைக்க மாட்டார்களா என்று மகள் கேட்டிருந்தாள். சொந்த வீட்டு விசேஷத்தில் வீட்டுக்காரி அடுப்பைத் தொடக் கூடாது என்பது மகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆசைதான். லாஸ்மி கரண்டியை எடுத்து, சேமியா அதிகம் தெரியாமல், டெம்பேயும் உருளையும் மேலே வரும்படி பார்த்து, மேலடுக்கை நிறைத்தாள்.

இதுதான் நடந்தது. இதற்கு மேல் அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவன் தார்யோனோ. பக்கத்து வீடு. ஊருக்கெல்லாம் கந்தூரிப் பெட்டி முடைந்து கொடுப்பவன் என்பதால் எந்த வீட்டில் யார் எப்போது சாவார்கள் என்பதில் அவனுக்கு ஓரளவு அக்கறை உண்டு. பொனிமின் பாறை மேல் சீவலைப் புரட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, பேசாமல் குந்தி, தானும் புரட்ட ஆரம்பித்தான். தெற்கேயிருந்து கடல்காற்று சுண்ணாம்புத் தூசியை வாரிக்கொண்டு வந்தது. சும்மா வந்து வேலை செய்கிறான் என்றால் சமாசாரம் பெரிது.

"காங் பொனிமின், யூ லாஸ்மி குழம்பு ஒண்ணு அனுப்புனாங்களாமே." அண்ணனைக் காங் என்பதும் அக்காவை யூ என்பதும் அந்த ஊர் வழக்கம்.

"ஆமா. எப்படி இருந்துச்சாம்?"

"பிரமாதமா இருந்துச்சாம்."

பொனிமினின் முகம் மலர்ந்தது. தார்யோனோ அதைப் பார்க்காமல் சீவலைப் பார்த்தான்.

"செமாராங்குக்காரன் ரெண்டு தடவ வாங்கித் தின்னானாம். யாரு கையிதுன்னு கேட்டானாம். லாஸ்மி கைன்னு சொல்லிட்டு யூ மூர்த்தினா என்ன சொன்னாங்க தெரியுமா? இத்தன வருசமா அவள உரிக்க உட்கார வச்சு தப்புப் பண்ணிட்டேன், இனிமே பால் அடுப்பு அவளுக்குத்தான்னாங்களாம். எல்லார் முன்னாலயும்."

"பாத்தியா. நான் சொன்னேன்ல."

"இரு காங். ஒரு அரை மணி நேரம் யூ லாஸ்மிக்குப் பதவி இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மருமக வாயில பலாக்கொட்டை வந்துச்சு."

பொனிமின் கை நின்றது.

"ஈரல் வதக்கல்ல பலாக்கொட்டை போடுறது இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே வீடு. சக்கீர்மனுக்குப் பிடிக்கும்னு. அதுவும் மூணு மூலையா வெட்டுறது அந்த மனுசன் வெட்டுற வெட்டு. ஆயிரமாம் நாளுக்குன்னு அந்தம்மா தன் கையால அப்படியே வெட்டிப் போட்டிருக்கு. மருமக அத எடுத்துத் தட்டு ஓரத்துல வச்சுச்சாம். ஒருத்தரும் பேசலையாம்."

"நாலு வீட்டுக் கறி இருந்துச்சுப்பா அதுல."

"நாலு வீட்டுல பேசுற கொட்டை அது ஒண்ணுதான்."

"அவங்க குடுத்தத அவங்களுக்கே குடுத்துட்டோம்னு கோவமா?"

தார்யோனோ ஒரு சீவலை எடுத்துத் தூசி தட்டினான். "அதுன்னா பரவாயில்ல. சிரிச்சுட்டு விட்டுருவாங்க. இது ஆயிரமாம் நாள் சோறு, காங். அத்தோட அவரு வாசல் தாண்டிப் போயிடுறாரு, இனிமே சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிப் பாக்க மாட்டாரு. அவரு பங்கு ஊர்ல நாலு பேரு வயித்துக்குப் போயிடணும், திரும்ப வீட்டுக்குள்ள வரக் கூடாது. யூ மூர்த்தினா என் பெண்டாட்டிகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுச்சு. நான் அவர வழியனுப்பி வச்சேன், லாஸ்மி திரும்பக் கூட்டிட்டு வந்து விட்டுட்டா, அப்படின்னு."

பொனிமின் புரட்டிய சீவலையே மறுபடி புரட்டினான்.

"அழுதாங்களா?"

"இல்ல. சொல்லிட்டு எங்களுக்கு டீ போட்டாங்க."

அழுதிருந்தால் தேவலை என்று இருவருக்கும் பட்டது.

மறுநாள் பொனிமின் நல்ல பத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு என்றாலும், முறைப்படி தெருவைச் சுற்றி மூர்த்தினா வீட்டுக்குப் போனான். "குழம்ப ஊத்தச் சொன்னது நான், அதனால நானே கேட்டுட்டு வரேன்" என்று லாஸ்மியிடம் சொல்லியிருந்தான். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் பண்ணினான். மன்னிச்சுக்கணும் யூ, தெரியாம நடந்துபோச்சு. ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய அளவுதான்.

மூர்த்தினா வாசலுக்கே வந்தாள். அவள் அவனைக் காங் என்பாள், அவன் அவளை யூ என்பான். இரண்டு பேரும் எதிராளியை அண்ணன் அக்கா ஆக்கிவிடுவதால் அந்த ஊரில் மரியாதைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

"வாங்க காங். இந்த வெயில்லயா? உக்காருங்க, உக்காருங்க."

சுவரில் சக்கீர்மன் படம் இருந்தது. அதன் கீழே இருந்த நாற்காலியில் மடித்த சேலைத்துணி ஒன்றை வைத்திருந்தாள், யாரும் உட்காராதபடி. டீ வந்தது. மரவள்ளி வறுவல் வந்தது.

"யூ, அன்னைக்கு அந்தக் கேரியர்..."

"ஆமா, என்னமாத் துலக்கி அனுப்பியிருந்தா லாஸ்மி. என் வீட்டுல இருந்தப்பகூட அது அப்படி மின்னுனது இல்ல. சாம்பலா, மணலா?"

"சாம்பல்."

"அதான் பாத்தேன்."

"அதுக்குள்ள இருந்த குழம்பு..."

"டீ ஆறுது, காங்."

பொனிமின் டீயைக் குடித்தான். பாதி தம்ளர் சர்க்கரை.

"சீவல் காஞ்சிருச்சா?" என்று மூர்த்தினா கேட்டாள்.

"காஞ்சுக்கிட்டு இருக்கு."

"இந்த வருசம் வெயிலு நல்லா அடிக்குது. தண்ணி லாரிதான் சொன்ன நேரத்துக்கு வர மாட்டேங்குது."

"யூ, எங்க பக்கம் ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா..."

"தப்பா? எங்கே?" மூர்த்தினா கூரையில் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பதுபோல் மேலே சுற்றிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லயே காங். எல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"உங்க மனசுல வருத்தம் கிருத்தம்..."

"எனக்கா? என்ன வருத்தம்? மகன் வந்துட்டுப் போனான், பேரன் வந்துட்டுப் போனான். பரவாயில்ல, நான் நல்லா இருக்கேன்."

இல்லாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க முடியாது. வருத்தம் இருக்கிறது என்று அவளே ஒப்புக்கொண்டால்தானே அதை எடுக்கச் சொல்லிக் கெஞ்சலாம். பொனிமின் மூடியிருக்கிற கதவைத் தேடுகிறவன் மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். கதவும் இல்லை, சுவரும் இல்லை. சிரித்த முகம் ஒன்று வறுவல் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தது.

"வினார்த்தி கல்யாணத்துக்கு நீங்க வந்துதான் அடுப்பு மூட்டணும், யூ."

"வராம? அவ நான் தூக்கி வச்ச புள்ள. கண்டிப்பா வரேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் கையில் ஒரு பொட்டலம் வறுவல் இருந்தது. லாஸ்மி அதைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க."

லாஸ்மி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ்வளவு கோவமா?"

அவள் பங்குக்கு அவளும் வீடு வீடாகப் போனாள். சமையலுக்கு வரும்படி பெண்களை நேரில் கூப்பிடுவது வழக்கம். எல்லாரும் சரி, வருகிறோம் என்றார்கள். சரி என்ற சொல்லுக்கு அந்த ஊரில் சரி என்ற அர்த்தமும் உண்டு. எது எப்போது என்பது அடுப்பில் புகை எழும் காலையில்தான் தெரியும். அதுவரை பொனிமினும் லாஸ்மியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வேலை செய்தார்கள். அவன் விறகு பிளந்தான். தேவைக்கு மேல் பிளந்தான். அவள் வாசலைத் தெளித்துத் தெளித்து, லாரித் தண்ணீரில் பாதியைத் தீர்த்தாள். வினார்த்தி தன் கல்யாணப் பட்டைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரலன்னா என்னப்பா?" என்றாள்.

"வராம எப்படி."

"வரலன்னா."

"நானும் உங்கம்மாவும் சேந்து சமைப்போம்."

"அம்மாவா சமைக்கப் போறாங்க? அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று வினார்த்தி சொல்லிவிட்டு, தேய்ப்புப் பெட்டியைப் பட்டின் மேலேயே மறந்து வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தாள்.

எல்லாரும் வந்தார்கள்.

பொழுது விடிவதற்குள் மூர்த்தினா வந்தாள். தன் செம்பு அவிப்புப் பானையைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பிஸ்மில்லா சொல்லித் தீ மூட்டினாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக, கத்தியும் முக்காலியுமாக, சிரித்துக்கொண்டு. தேங்காய் துருவுகிறவள் தேங்காய் துருவினாள். கழுவுகிறவள் கழுவினாள். வெங்காயம் உரிக்க மட்டும் ஆள் குறைந்தது. அதைக்கூடக் கிண்டலாக, "வீட்டுக்காரிய உரிக்கச் சொல்ல முடியாதே" என்று மூர்த்தினாவே இரண்டு பேரை ஒதுக்கிக் கொடுத்தாள். லாஸ்மி புதுச் சேலையில் நின்றுகொண்டு அழுதாள். வெங்காய நெடி என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பொனிமினுக்குக் கால் தரையில் பாவவில்லை. போய்த் தார்யோனோவைத் தோளில் தட்டினான். "பாத்தியா? வந்துட்டாங்க. நீ சும்மா பயமுறுத்திட்ட." தார்யோனோ தான் முடைந்து கொண்டுவந்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னான்.

நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை யுலியான், கிளாத்தேன் பக்கத்துப் பையன், வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவன், இத்தனை பாறையை ஒருசேரப் பார்த்த மிரட்சியில் யார் கை கொடுத்தாலும் இரண்டு தடவை குலுக்கினான். மாப்பிள்ளை வீட்டார் பெட்டிகளை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிப் போனார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர் ஆண்கள் வந்து பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கயும் நீளமாகவே துஆ ஓதினார். மணமக்களுக்கு ஓதினார், பெற்றவர்களுக்கு ஓதினார், முன்னால் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் ஓதினார். ஆமீன் குறைவில்லாமல் விழுந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் பெட்டி இருந்தது. சோற்றின் ஆவியில் வாழையிலை வாசம் எழும்பியது.

டீயைக் குடித்தார்கள். எழுந்தார்கள். கை கொடுத்தார்கள்.

முதலில் எழுந்தவரை பொனிமின் வாசல்வரை பின்தொடர்ந்தான். "பெட்டிய மறந்துட்டீங்க, காங்."

"அட ஆமா. இருக்கட்டும். சைக்கிள்ல செயின் சரியில்ல."

செயினுக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அடுத்து எழுந்தவர், தோட்டத்துக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார், திரும்பும்போது எடுத்துக்கொள்வார். அதற்கடுத்தவருக்கு வீட்டில் ஆளில்லை. அதற்கும் அடுத்தவர் காரணமே சொல்லவில்லை. கல்யாணம் ரொம்ப நன்றாக நடந்தது என்று சொல்லி, பொனிமினின் இரண்டு கையையும் பிடித்து, கண்ணில் ஈரத்தோடு வாழ்த்திவிட்டு, பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

"கயும், நீங்களாவது."

"எனக்குச் சர்க்கரை, பொனிமின். டாக்டரு சோறே ஆகாதுங்கிறாரு."

போன வாரம் தூகூ வீட்டுக் கந்தூரியில் தனக்கும் தம்பிக்குமாக இரண்டு பெட்டி தூக்கிக்கொண்டு போனவர். பொனிமின் தலையாட்டினான். "பரவாயில்ல" என்றான்.

கடைசியில் பாயில் தார்யோனோ மட்டும் உட்கார்ந்திருந்தான். முன்னாலிருந்த பெட்டியின் மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"நீ எடுத்துட்டுப் போவல்ல?"

"நான் முடைஞ்ச பெட்டிதான் காங்."

"அதான் கேக்குறேன்."

"எடுத்துட்டுப் போனா என் பெண்டாட்டி வாசல்லயே நிப்பா. அவளும் நல்லவதான். அவளுக்கு நாளைக்கு ஒரு காரியம்னா யூ மூர்த்தினாதான் வந்து அடுப்பு மூட்டணும்." நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்னால முடியல காங்."

"இங்கயே ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ. யாரும் பாக்கல."

தார்யோனோ அதை உண்மையாகவே யோசித்தான். பிறகு எழுந்து, கைகொடுத்து, போய்விட்டான். ஊரில் பொனிமினுக்கு அவன் ஒருவன்தான் உண்மையைச் சொன்னான். அதனால் பெட்டி ஒன்றும் குறையவில்லை.

பின்கட்டில் பெண்கள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்புச் சாம்பலைக்கூட வாரிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்கென்று கட்டிவைத்த பங்கு வரிசையாக இருந்தது, முடிச்சு அவிழாமல். மூர்த்தினா மட்டும் தன் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லாஸ்மி அவள் முன்னால் போய் நின்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

மூர்த்தினா முந்திக்கொண்டாள். அவள் தோளைத் தொட்டு, அன்பாகவே சொன்னாள்.

"நல்லபடியா முடிஞ்சுது லாஸ்மி. சோறுதான் கொஞ்சம் கூடிப்போச்சு. ஆனா உனக்கென்ன, மிச்சத்த வச்சு நல்லா சமைக்கத் தெரியும்."

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நடை தளர்ந்திருந்தது. விடியலிலிருந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவள், தானும் ஒரு கவளம் சாப்பிட்டிருக்கவில்லை.

யுலியான் முன்கட்டில் நின்று பாயைப் பார்த்தான். "உங்க ஊருல மனசு ரொம்பப் பெருசு, பாக்" என்று மாமனாரிடம் அப்பா முறை வைத்துச் சொன்னான். "எங்க பக்கம் ஒரு பெட்டி மிஞ்சாது. சண்டை போட்டு எடுத்துட்டுப் போவாங்க."

வினார்த்தி அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

காலையில் லாஸ்மி பெட்டிகளைத் திறந்தாள். கறியைக் கறியோடும் சேமியாவைச் சேமியாவோடும் சேர்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருந்த சட்டிகள் நிறைந்து, குளிக்கிற வாளியைக் கழுவி அதிலும் போட்டாள். சோறு மலையாகக் கிடந்தது. புளிப்பதற்குள் வெயிலுக்குப் போக வேண்டும்.

"நம்மகிட்ட ரெண்டு சுளகுதான் இருக்கு" என்றாள்.

பொனிமின் சுளகு கேட்டுப் போனான். வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, சோறு காயப்போட வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னான். எல்லாரும் கொடுத்தார்கள். தூகூ வீட்டில் பெரிய சுளகைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்கள். செயின் சரியில்லாதவர் இரண்டு சுளகை அதே சைக்கிளில் வைத்துக் கட்டி வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். கயும் வீட்டில், அவசரமில்லை, மெதுவாகத் திருப்பித் தந்தால் போதும் என்றார்கள். மூர்த்தினா வேலிக்கு மேலாகவே ஒன்றை நீட்டினாள்.

வாசல் முழுக்க ஊர்ச் சுளகுகள் பரவின. ஒவ்வொன்றிலும் மகள் கல்யாணத்துச் சோறு, விரலால் உதிர்த்து, வெள்ளை வெளேரென்று. மரவள்ளிச் சீவலுக்கு இடமில்லாமல் அதைக் கூரைக்கு ஏற்றினான். பிறகு ஒரு மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு நிழலில் குந்தினான். சந்தைக்குப் போகிறவர்கள் வாசலைத் தாண்டும்போது நின்றார்கள்.

"வெயிலு நல்லா இருக்கு, காங். நாளைக்கே காஞ்சிரும்."

"ஆமா. காஞ்சிரும்."

வேலியின் ஓட்டை வழியாக ஒரு கோழி தலையை நீட்டியது. மூர்த்தினா வீட்டுக் கோழி. குஞ்சுகளும் கூட வந்தன. ஓரத்துச் சுளகுக்குப் போய், ஒரு பருக்கையைக் கொத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி கொத்தியது. பொனிமின் குச்சியைத் தூக்கினான். அப்படியே கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தான். பிறகு மடியில் போட்டுக்கொண்டான். கோழி சுளகின் மேலேயே ஏறி நின்று, காலால் சீய்த்து, குஞ்சுகளைக் கூப்பிட்டது.

"பக், பக், பக்" என்று வேலிக்கு அப்பால் குரல் கேட்டது. மூர்த்தினா ஓடி வந்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து ஓட்டை வழியாகக் கையை விட்டு, கோழியை இறக்கையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். குஞ்சுகள் பின்னாலேயே ஓடின.

"மன்னிச்சுக்கணும் காங்" என்றாள். "தெரியாம நடந்துபோச்சு. வாயில்லா ஜீவன், உங்க வீட்டுச் சோத்துல வாய் வச்சிருச்சு."

பொனிமின் எழுந்து நின்றான். அவள் பதிலுக்காக நின்றாள், கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு.

"பரவாயில்ல யூ" என்றான். "பரவாயில்ல."